வலது கண்ணில் ஒரு சொட்டு

ஸீசிஸ் அழுததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் பிரஸ்ஸல்ஸுக்குப் போகவில்லை.

இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஐம்பதைத் தொடப்போகிறவள், கல்யாணம் செய்து அதிலிருந்து மீண்டு வந்தவள், மருத்துவமனையில் கிருமிகளைக் கண்டுபிடிக்கும் ஆய்வகத்துக்குப் பொறுப்பானவள், எந்த முடிவையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள் என்று பேர் வாங்கினவள். அப்படிப்பட்டவள் ஒரு ஆட்டுக்காரனின் ஈரக் கண்ணைப் பார்த்துவிட்டு, எளிதில் கிடைக்காத வேலையை வேண்டாம் என்று சொன்னாளா என்று கேட்பார்கள். சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு வாரம் வாய்க்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள்.

நானும் ஸீசிஸும் கிரீஸில், யானினா ஊரின் ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. பள்ளி முடிந்ததும் நான் மருத்துவம் படிக்கத் தெசலோனிக்கிக்குப் போனேன். அவன் அப்பாவின் ஆடுகளோடு மலைக்குப் போனான். பிறகு ஈஸ்டருக்கு ஈஸ்டர் சந்தையில் கண்டால் தலையாட்டுவதோடு சரி. எனக்குக் கல்யாணம் ஆனது, முறிந்தது, ஊருக்கே திரும்பி வந்தேன். அவன் கல்யாணமே செய்யவில்லை. கேட்டால், "ஆடுங்களுக்குப் பொறாமை அதிகம்" என்பான்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் மலைக் கிராமங்களில் ஆட்டுப்பால் மாதிரி எடுக்கும் வேலை வந்தது. பாலில் என்னென்ன கிருமி இருக்கிறது, முக்கியமாக ஆட்டிலிருந்து மனிதனுக்குத் தொற்றும் புருசெல்லா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்ற ஆட்டுக்காரர்கள் என்னை வரி வசூலிக்க வந்தவளைப் போலப் பார்த்தார்கள். ஸீசிஸ் ஒருவன்தான் காப்பி போட்டுக் கொடுத்து, "இதை எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவ?" என்று கேட்டான்.

சொன்னேன். ஒவ்வொரு கிருமிக்கும் அதன் டி.என்.ஏ எழுத்து வரிசையில் அதற்கு மட்டுமே உரிய ஒரு பகுதி உண்டு. அதற்குச் சரியான ஜோடியாக ஒரு சின்னத் துண்டை முன்கூட்டியே செய்து வைத்திருப்போம். அதற்குப் புரோப் என்று பெயர். குழாயில் அதை விட்டுச் சூடாக்கிக் குளிரவைத்தால், உள்ளே எத்தனை கிருமிகள் கலந்து கிடந்தாலும் அது தன் ஜோடியைத் தேடிப் போய் அதன்மேல் மட்டும் உட்காரும். உட்கார்ந்தால் ஒளி வரும், திரையில் கோடு மேலே எழும்பும். ஜோடி இல்லை என்றால் கோடு தரையோடு படுத்தே கிடக்கும்.

"ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தா?" என்றான்.

"நல்லாச் செஞ்ச புரோபா இருந்தா உக்காராது."

"அடேயப்பா, பயங்கரப் பிடிவாதம் பிடிச்ச பொண்ணா இருக்கே. அதான் இன்னும் வரன் அமையல."

"எனக்கு அமைஞ்சு, முடிஞ்சும் போச்சு."

"நான் புரோபைச் சொன்னேன், டாக்டரம்மா."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறத் தொடங்கினேன். சீஸ் வாங்க என்று ஒரு சாக்கு. ஒற்றை ஆள் எவ்வளவு சீஸ்தான் தின்ன முடியும்? ஆய்வகம் முழுக்க விநியோகம் செய்தேன். அவனோடு அவன் சமையலறையில் உட்கார்ந்து உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசினேன். ஓநாய், தேர்தல், என் முன்னாள் கணவனின் புது மீசை, அவனுடைய நாய்க்கு வந்த செவிட்டுத்தனம். ஒன்றை மட்டும் பேசவில்லை. எனக்கு அவன் வேண்டும். என் கோட்டு அவன் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் அவன் கெட்ட மூஞ்சியோடு எழுந்திருப்பதைப் பார்க்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் காரைத் திருப்பும்போது ஒவ்வொரு தடவையும், இருந்துவிட்டுப் போ என்று சொல்ல மாட்டானா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவன் கண்ணாடிப் பக்கம் குனிந்து, "வளைவுல பாத்துப் போ" என்பான். அவ்வளவுதான். மலையே வளைவு. எத்தனை வளைவைப் பார்ப்பது?

பிரஸ்ஸல்ஸில் இருந்து அழைப்பு வந்தபோது, அதை வைத்தாவது அவன் வாயைத் திறக்க வைக்கலாம் என்று நினைத்தேன். ஏப்ரலில் ஒரு நாள் புறப்பட்டேன். தூறிக்கொண்டிருந்தது. கோயில் வளைவுக்கு மேலே கால்நடைத் துறையின் ஜீப் எதிரே இறங்கி வந்தது. அந்தப் பாதையில் இரண்டு வண்டி ஒதுங்க முடியாது. நான்தான் திட்டிக்கொண்டே பின்னால் எடுத்து வழிவிட்டேன். மேலே போனபோது மதியம் ஆகிவிட்டது. ஸீசிஸ் கொட்டகைக்குள் நின்றிருந்தான். பெட்டைக் குட்டிகளின் முதுகில் நீலச் சாயம் பூசியிருந்தது. தடுப்பு மருந்து போட்டாயிற்று என்பதற்கு அடையாளம்.

"பிரஸ்ஸல்ஸ்ல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க," என்றேன். "செப்டம்பர்ல சேரணும்."

"நல்ல வேலையா?"

"ரொம்ப நல்ல வேலை."

கொஞ்ச நேரம் குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தான். "பேருக்கு ஏத்த மாதிரி ஆகப் போற," என்றான். என் பெயர் பொலிக்ஸெனி. எல்லோரும் க்ஸெனி என்பார்கள். எங்கள் மொழியில் அதற்கு வேற்றூர்க்காரி என்று பொருள். சிரிப்பதற்காகச் சொன்னான் போல. ஆனால் சிரிப்பு வரவில்லை. கண் இரண்டும் நிறைந்து நின்றது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். பிறகு, "வளைவுல பாத்துப் போ," என்றான்.

போதாதா? எனக்குப் போதும். அன்று வீட்டுக்கு வந்ததும் பிரஸ்ஸல்ஸுக்கு மறுப்பு எழுதிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. அழுதவன் தானாக வந்து பேசட்டும் என்று கர்வம். ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுவதையும் நிறுத்திவிட்டேன். வருவான், கதவைத் தட்டுவான், போகாதே என்பான். மே போயிற்று, ஜூன் போயிற்று. கோடை முழுக்க வாசல் மணி அடித்தால் ஓடினேன். ஒவ்வொரு தடவையும் மின்சார வாரியம், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி. அந்த ஈரக் கண் ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டு நாளைத் தள்ளினேன்.

செப்டம்பரில் எலும்பு மருத்துவர் மாந்தோஸ் போன் செய்தான்.

"க்ஸெனி, உனக்கு ஒரு முதுகெலும்பு அனுப்பறேன். ஊசி விட்டு எடுத்திருக்கேன், கொஞ்சம்தான் கிடைச்சுது, சிந்திடாத. ரெண்டு எலும்பு அரிச்சுப் போயிருக்கு. ஜூலையில இருந்து காய்ச்சல், ராத்திரி வேர்வை, ஆள் நிமிர முடியல. எனக்கென்னவோ டி.பி.ன்னு தோணுது."

"ரத்தத்துல கிருமியை வளர்த்துப் பாத்தியா?"

"பாத்தேன், ஒண்ணும் முளைக்கல. மகராசன் கையில கிடைச்ச ஆன்டிபயாடிக் எல்லாத்தையும் முழுங்கிட்டுத்தான் வந்திருக்கான். ஆட்டுக்காரன்."

"ஆட்டுக்காரன்னா புருசெல்லாவா இருக்குமே. கேட்டியா?"

"கேட்காம இருப்பேனா? பால் காய்ச்சாம குடிக்க மாட்டானாம், பச்சைச் சீஸ் தொட மாட்டானாம், என் ஆடுங்க எல்லாத்துக்கும் தடுப்பு மருந்து போட்டாச்சுன்னு என்கிட்டயே சண்டைக்கு வரான். ரத்தப் பரிசோதனையும் ரெண்டுங்கெட்டானா இருக்கு. ஆட்டோட பொழங்கறவன் எல்லாருக்கும் கொஞ்சம் காட்டத்தான் செய்யும். நீ உன் புரோப் வச்சுச் சொல்லு. தப்பான மருந்துல மாசக்கணக்கா ஓட்டினா அவன் அப்புறம் நடக்க மாட்டான்."

மாதிரி வந்தது. குழாயில் ஒட்டியிருந்த பெயரைப் படித்தேன். மறுபடி படித்தேன். ஸீசிஸ் என்ற பெயரே எங்கள் பக்கம் பிள்ளை பிழைத்துக் கிடக்கட்டும் என்று வைப்பது. பதற்றத்தோடு குழாயைத் தொடக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். பத்து நிமிஷம் ஜன்னலருகே நின்று ஏரியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

டி.பி.க்கு ஒரு புரோப், புருசெல்லாவுக்கு ஒரு புரோப். கூடவே வெறும் தண்ணீர் விட்ட ஒரு குழாய். அது எப்போதும் உண்டு. தண்ணீரிலும் கோடு எழும்பினால் எங்கேயோ நாம் அழுக்காக்கிவிட்டோம், மற்ற எதையும் நம்பக்கூடாது என்று அர்த்தம். இயந்திரத்தை மூடிவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சூடு, குளிர், சூடு, குளிர். உள்ளே அந்தத் துண்டுகள் தங்கள் ஜோடியைத் தேடி அலைந்துகொண்டிருந்தன. நேசிக்கிற ஒருவனுக்கு ஒரு நோய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நானாகத்தான் இருப்பேன். புருசெல்லாவாக இரு, புருசெல்லாவாக இரு என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சரியான மருந்து கொடுத்தால் அது டி.பி.யைவிடச் சீக்கிரம் குணமாகும்.

டி.பி. கோடு படுத்தே கிடந்தது. தண்ணீரும் படுத்தே கிடந்தது. புருசெல்லாவின் கோடு மெல்லத் தலைதூக்கி, பிறகு விறுவிறுவென்று ஏறியது. மாந்தோஸுக்குச் சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டோடு படியேறி வார்டுக்குப் போனேன்.

இளைத்துப் போயிருந்தான். கழுத்து எலும்பு தெரிந்தது. தாடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முதுகு பிடித்துக்கொள்ள, பல்லைக் கடித்துக்கொண்டு சரிந்தான்.

"நீ இன்னும் போகலையா?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். "பேப்பர் வரல," என்றேன். "அடுத்த மாசம் போயிடுவேன்."

"ஓ." தலையணையைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டான். "எனக்கு என்ன?"

"புருசெல்லா."

கொஞ்சம் யோசித்தான். சிரித்தான். "உனக்குப் பிரஸ்ஸல்ஸ், எனக்குப் புருசெல்லா. ஆளுக்கொண்ணு. நியாயந்தான்."

"சிரிக்காத. ஏன் என்கிட்ட வரல? ஜூலையில இருந்து காய்ச்சல்னா என்ன அர்த்தம்? நான் ஒருத்தி இந்த ஊர்ல குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"நீ மூட்டை கட்டிட்டிருப்ப, எதுக்குத் தொந்தரவுன்னு நினைச்சேன்."

அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. முதுகெலும்பு அரித்துப்போனவனை உலுக்க முடியாது. கீழே இறங்கி வந்துவிட்டேன்.

மாந்தோஸ் அன்றே மாத்திரைகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியையும் தொடங்கிவிட்டான். புருசெல்லாவுக்கு அது வழக்கம். எனக்குத்தான் ஒரு உறுத்தல். ஸீசிஸ் பொய் சொல்கிறவன் இல்லை. பால் காய்ச்சுகிறான், சீஸை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைக்கிறான், அதை நான் நாலு வருஷமாகத் தின்று உயிரோடுதான் இருக்கிறேன். ஆடுகளுக்குத் தடுப்பு மருந்தும் போட்டாயிற்று. பிறகு எங்கிருந்து வந்தது?

தடுப்பு மருந்து. அதுவும் உயிருள்ள புருசெல்லாதான், பல் பிடுங்கிய ஜாதி. ஆட்டை ஒன்றும் செய்யாது, மனிதனைப் படுக்கவைத்துவிடும். அதற்கும் மலையில் திரியும் கிருமிக்கும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்தால்தான் தடுப்பு மருந்துக் கிருமி ஸ்ட்ரெப்டோமைசினுக்குச் சாகாது. பால் ஆராய்ச்சிக்காக இரண்டுக்கும் தனித்தனிப் புரோப் என்னிடம் இருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக அதைப் போட்டேன். மலைக் கிருமியின் கோடு அசையவில்லை. தடுப்பு மருந்தின் கோடு எழும்பியது. இரண்டாம் தடவை போட்டேன். அதேதான்.

"மாந்தோஸ், ஸ்ட்ரெப்டோமைசினை நிறுத்து. வேற ஊசிக்கு மாத்து. இது தடுப்பு மருந்துக் கிருமி."

"ஆட்டு மருந்து இவனுக்குள்ள எப்படிப் போச்சு? வரிசையில ஆட்டோட ஆடா நின்னானா?"

"அதைத்தான் கேட்கப் போறேன்."

கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அடுத்த கால் மணி நேரத்தில் தோன்றியது.

"ஸீசிஸ், குட்டிங்களுக்குப் போட்ட மருந்து உனக்குள்ள இருக்கு. ஊசி ஏதாவது குத்திக்கிட்டியா?"

"ஊசி ஏது? சொட்டு மருந்துதான, கண்ணுல விடுவாங்க." சட்டென்று நிறுத்தினான். "அட."

"என்ன அட?"

"குட்டியோட தலையை நான்தான் பிடிச்சிருந்தேன். அது ஒரு சிலுப்பு சிலுப்பிச்சு. அது கண்ணுல விழ வேண்டியது என் கண்ணுல விழுந்துருச்சு."

"எந்தக் கண்ணு?"

"வலது."

"கால்நடை டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

"குதிச்சாரு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, மாத்திரை சாப்பிடுன்னாரு. மாத்திரை ரெண்டு நாள் சாப்பிட்டேன், வயித்தைப் புரட்டுச்சு, விட்டுட்டேன். மறந்தும் போச்சு. ஆட்டோட மருந்து நம்மளை இப்படிப் படுக்க வைக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"என்னைக்கு?"

"ஏப்ரல்ல. நீ வந்தியே, பிரஸ்ஸல்ஸ் சேதி சொல்ல. அன்னைக்குத்தான்."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நீலச் சாயம் பூசிய குட்டிகள், நிறைந்து நின்ற கண், சட்டைக் கை. எல்லாம் ஒரு நொடியில் இடம் மாறி உட்கார்ந்தன.

"அதான் கண்ணைத் துடைச்சியா?" என்றேன்.

என்னைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். "ஆமா," என்றான். "அதான். பயங்கர எரிச்சல்."

"சரி," என்றேன். மாத்திரையை நிறுத்தாதே, ஆறு மாதமானாலும் சாப்பிடு, வயிறு புரட்டினால் சொல் என்று டாக்டர் பேச வேண்டியதையெல்லாம் பேசினேன். குரல் நன்றாகத்தான் வந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

ஒரு சொட்டு மருந்து. மருந்து எரிந்து வழிந்த தண்ணீரைக் காதல் என்று நினைத்து, ஐம்பது வயதில் வந்த கடைசி வண்டியைத் தவறவிட்டிருக்கிறேன். கோடை முழுக்க வாசல் மணிக்கு ஓடியிருக்கிறேன். சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுகையாகிவிடும் போல இருந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனாலும் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அப்போதும் அவன்மேல் ஆசை ஒரு துளி குறையவில்லை. குறைந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்று மதியம் பார்வையாளர் நேரத்தில், வராந்தாவில் ஸீசிஸின் அக்கா அகோரித்சா என்னைப் பிடித்துக்கொண்டாள். கையில் கீரை வைத்துச் சுட்ட பிட்டாவோடு ஒரு தட்டு, துணி போட்டு மூடியிருந்தது. அக்குளில் துவைத்த பைஜாமா. மலையில் அவனோடு ஆடு பார்ப்பவள் அவள்தான். தம்பியைக் கழுதை என்று கூப்பிட்டே வளர்த்தவள்.

"ஏண்டி கண்ணு, அந்தக் கண்ணு மருந்தாமே! அதுவா இவ்வளவு பண்ணுச்சு? ஐயோ, நான்தானே கழுவிவிட்டேன், சரியாக் கழுவலையோ? பால் கறந்து முடிச்சு வந்தேன், அப்பத்தான் ஆரம்பிச்சாங்க, முதல் குட்டி. கத்தினான் பாரு ஒரு கத்து. வாளியோட கூட்டிட்டுப் போய் குழாயடியில குனிய வச்சுக் கழுவுகழுவுன்னு கழுவினேன். அந்த டாக்டர் வேற பக்கத்துல நின்னு இன்னும் ஊத்து, இன்னும் ஊத்துங்கறாரு. அரை மணி நேரத்துல எல்லாம் சரியாப் போச்சு, ரொட்டியும் முட்டையும் தின்னான், மிச்சக் குட்டிங்களை அவன்தானே பிடிச்சான்!"

"எப்போ அக்கா இது?"

"காலையிலடி. விடிஞ்சு கொஞ்ச நேரந்தான். நீ மதியம்ல வந்த. நீ வர்றதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சு, ஜீப்பு கீழ போயாச்சே."

ஜீப். கோயில் வளைவுக்கு மேலே. நான்தானே பின்னால் எடுத்து வழிவிட்டேன். காலையில் விழுந்த சொட்டு மதியம் வரைக்கும் எரியாது. எரிந்தாலும் குழாயடியில் கழுவிய பிறகு முட்டை தின்றவனுக்கு எரியாது. எந்த முடிவையும் இரண்டு தடவை சரிபார்ப்பவள் என்று பேர் வாங்கியவள், அவன் ஆமா என்றதும் ஒரே தடவையில் நம்பிவிட்டேன். தண்ணீர் விட்ட குழாயைப் பார்க்கவே இல்லை.

"வாக்கா," என்று அவளையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஸீசிஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். நடிப்பு. காது சிவந்திருந்தது, எங்கள் பேச்சு கேட்டிருக்கிறது.

"மதியம் எதுக்குக் கண்ணைத் துடைச்ச?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, "எப்போ?" என்றான்.

"நான் பிரஸ்ஸல்ஸ்னு சொன்னப்போ. மருந்து காலையிலயே கழுவியாச்சு."

"வெயில். கண்ணு கூசுச்சு."

"அன்னைக்கு மழை."

"அப்ப மழைத் தண்ணி."

"கொட்டகைக்குள்ள ஏதுடா மழை?" என்றாள் அகோரித்சா.

"கூரை ஒழுகுதுல்ல."

"போன வருஷம்தானே தகரம் மாத்தினோம்! கழுதை, எங்க ஒழுகுது? எங்கன்னு காட்டு!" என்று பைஜாமாவை ஆட்டிக்கொண்டு அவள் சண்டைக்கே போய்விட்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தட்டை மேசைமேல் வைத்தாள். "இந்தக் கட்டடத்துல காப்பி எங்க கிடைக்கும்னு பாத்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போய், கதவையும் சாத்திக்கொண்டாள்.

ஸீசிஸ் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்க்கவில்லை. போர்வையின் ஓரத்தை நூல் நூலாக உருவிக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றான். "உனக்குப் பேப்பர் வந்துரும். நல்ல வேலை. ரொம்ப நல்ல வேலைன்னு நீதானே சொன்ன. நான் என்னத்தைச் சொல்லி உன்னை நிறுத்தறது? ஆடு நாத்தம் அடிக்கிற சமையலறையில வந்து உக்காருன்னா?"

"பேப்பர் ஏப்ரல்லயே வந்துருச்சு."

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"நான் வேண்டாம்னு எழுதிட்டேன். அன்னைக்கே."

"எதுக்கு?"

"நீ அழுததால."

நூல் உருவிக்கொண்டிருந்த கை நின்றது. இவ்வளவு நாள் எதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேனோ அது இப்போது அவனுக்கு முன்னால் கிடந்தது. இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வெட்கமாகக்கூட இல்லை, களைப்பாக இருந்தது. பிட்டாவின் வாசனை அறை முழுக்கப் பரவியிருந்தது. அவன் கண் நிறைவதைப் பார்த்தேன். முதலில் வலது, பிறகு இடது. ஒரு கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு கை சும்மாதான் கிடந்தது. அதை எடுத்து அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"மாத்திரையால கண்ணு கலங்குதுன்னு சொல்லாத," என்றேன்.

"சொல்லல."

வராந்தாவில் மணி அடித்தது. பார்வையாளர் நேரம் முடிந்தது. இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளின் பழக்கம், உடம்பு தானாக எழுந்துவிட்டது. கோட்டின் பொத்தானைப் போட்டேன். வளைவில் பார்த்துப் போ என்பான் என்று நின்றேன்.

"இரு," என்றான்.